நாலாவது கை

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள். "இப்ப என்ன தொழில் செய்யிறியள்?" நிறுவனங்களிலிருந்து வருகிறவர்கள், பிரதேச செயலகத்திலிருந்து வருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் எல்லோருக்கும் அதுதான் கேள்வி. தும்பு மிதியடி பின்னுகிறேன் என்று சொல்வேன். "நல்லது, நல்லது" என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

"பொழுது எப்படிப் போகுது?" என்று என்னிடம் கேட்டவர் ஒரேயொருவர்தான். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு கதைக்க விரும்புகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பிழைகள் இருந்தால் அவளுடையவை, கருத்துக்கள் என்னுடையவை.

2009ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் எனக்குப் பார்வை போனது. அப்போது எனக்கு வயது 29. அதே மாதத்தில் என் கணவரையும் இழந்தேன். மகளுக்கு அப்போது நாலு வயது. அந்த நாட்களை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. இதை வாசிக்கின்ற உங்களில் பலர் அதே மணலில், அதே பதுங்குகுழிகளில் இருந்தவர்கள். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை.

வவுனியா வைத்தியசாலை, பிறகு செட்டிகுளம் முகாம், பிறகு 2010 கடைசியில் மீள்குடியேற்றம் என்று வந்து சேர்ந்தோம். அம்மா, மகள், நான். எங்களுக்குக் கிடைத்த வீட்டின் விறாந்தையில் அம்மா ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டார். அடுத்த நாலு வருடங்கள் நான் அந்தக் கதிரையில்தான் இருந்தேன்.

விறாந்தைக் கதிரை

அம்மாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் இல்லாவிட்டால் நானும் இல்லை, என் மகளும் இல்லை. ஆனால் அவருடைய அன்பு எனக்கு ஒரு வேலியாகவும் இருந்தது. தண்ணீர் அள்ளப் போனால், "இரு பிள்ளை, நான் செய்யிறன்" என்பார். தேங்காய் துருவ இருந்தால், "கையை வெட்டிப் போடுவாய், விடு" என்பார். ஊரில் ஒரு கல்யாண வீடு என்றால் அம்மா மட்டும் போய் வருவார். எனக்கு வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு வருவார். "அங்க சனத்துக்குள்ள நீ என்னண்டு பிள்ளை..." என்று சொல்லி முடிக்காமலே விட்டுவிடுவார்.

கோவில் திருவிழாவும் அப்படித்தான். மேளச் சத்தம் காற்றில் வரும். நான் விறாந்தையில் இருந்து கேட்பேன். எந்தச் சாமி எந்த வீதிக்கு வந்துவிட்டது என்று மேளத்தின் திசையை வைத்தே கண்டுபிடிப்பேன். அது ஒன்றுதான் அப்போது எனக்கிருந்த விளையாட்டு.

2012இல் தும்பு மிதியடி பின்னும் பயிற்சி கிடைத்தது. அதற்காக இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். மாதம் ஏதோ கொஞ்சம் கையில் வந்தது. மகளுக்குக் கொப்பி, பென்சில் வாங்க அம்மாவிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாள். அந்தச் சந்தோசம் பெரிது. ஆனால் மிதியடி பின்னி முடிந்தபின் மிச்சப் பொழுது அப்படியே கிடந்தது. பார்வை உள்ளவர்களுக்கு ஒரு பகலில் எத்தனை சின்னச் சின்னப் பராக்குகள் என்று அப்போதுதான் விளங்கியது. வீதியால் போகிறவர்களைப் பார்ப்பது, அயல் வீட்டு மல்லிகைப் பந்தலைப் பார்ப்பது, பழைய பேப்பரை வாசிப்பது, தொலைக்காட்சி. எனக்கு அது ஒன்றும் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் எத்தனை மணித்தியாலம் என்று யாராவது கேட்டால், மூன்று அல்ல, முப்பது என்றுதான் அப்போது சொல்லியிருப்பேன்.

பொழுது எப்படிப் போகுது?

2014இல் எங்கள் பகுதிக் கிராம அலுவலர் வந்து, விழிப்புலனற்றோர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் கூடுகிறார்கள் என்று சொன்னார். ஏதோ உதவி கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போவார். அவர் முன்னால், நான் பின்னால், கன்றுக்குட்டி மாதிரி.

மண்டபத்துக்குள் போனதும் எனக்குக் கேட்டது சீட்டுக் கலைக்கிற சத்தம். பிழையான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். அம்மா என்னை ஒரு வாங்கில் இருத்திவிட்டு, சந்தைக்குப் போய் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

என் பக்கத்தில் ஒரு பெண்குரல். தன் பெயரைச் சொன்னார். மன்னார்ப் பக்கத்தவர், சின்ன வயதிலிருந்தே பார்வை இல்லை, இந்தக் கூட்டத்தை நடத்துவது தான்தான் என்றார். அவரை அக்கா என்றே இங்கு எழுதுகிறேன். நான் வழமைபோலத் தொழில் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"வீட்டில பொழுது எப்படிப் போகுது, தங்கச்சி?"

"போகுதில்லை அக்கா."

அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "முந்நூற்றிநாலு தெரியுமோ?" என்று கேட்டார்.

தெரியாமல் என்ன? எங்கள் ஊர்களில் கல்யாண வீட்டிலும் விடியவிடிய விழித்திருக்கும் செத்த வீட்டிலும் முந்நூற்றிநாலு இல்லாமல் இருக்குமா? அப்பாவின் மடியில் இருந்து கணக்குப் பழகினவள் நான். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகையில் 76 புள்ளி. நாலு வகைக்கும் 304. அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் சீட்டைப் பார்க்க முடியாமல் எப்படி விளையாடுவது?

அக்கா என் கையில் ஒரு சீட்டைத் தந்தார். அதன் மூலையில் சின்னச் சின்னப் புடைப்புகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. பிரெயில் புள்ளிகள்.

ஆறு புள்ளிகள்

பிரெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். லூயி பிரெயில் 1809இல் பிரான்ஸ் நாட்டில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அந்தத் தொழிற்கூடத்தில் விளையாடும்போது ஊசி கண்ணில் குத்திப் பார்வை போய்விட்டது. 15 வயதில், 1824இல், ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்துமுறையை உருவாக்கினார். கண்ணைப் பறித்தது ஓர் ஊசி. அதேபோன்ற ஓர் ஊசியால்தான் இன்றும் நாங்கள் புள்ளி குத்தி எழுதுகிறோம். தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பிப் பிடித்து இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும்.

தமிழுக்கும் பிரெயில் உண்டு. 'அ' என்ற எழுத்துக்கு ஒரேயொரு புள்ளி. உயிர்மெய்களை இரண்டு குறிகளைச் சேர்த்து எழுதிவிடலாம். ஆகையால் 247 எழுத்துக்கும் 247 குறி படிக்கத் தேவையில்லை. கைதடி நவீல்ட் பாடசாலை, மட்டக்களப்பு தரிசனம் போன்ற இடங்களில் பிள்ளைகள் இதைச் சிறு வயதிலேயே படிக்கிறார்கள். என்னைப்போல் வளர்ந்தபின் பார்வை இழந்தவர்களுக்குத்தான் கஷ்டம். தும்பு திரித்துத் தடித்துப்போன விரலுக்குப் புள்ளிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆனால் சீட்டு விளையாட 12 குறிகள் தெரிந்தால் போதும். எட்டு மதிப்புகளுக்கு எட்டு, நாலு வகைக்கு நாலு. "புத்தகம் பிறகு வாசிப்பம், முதல்ல சீட்டை வாசி" என்று அக்கா சொன்னார். நான் பிரெயில் பழகியது அப்படித்தான். ஒரு மாதத்தில் 12 குறிகளும் பிடிபட்டன. மூன்று மாதத்தில் ஓரளவு வேகமும் வந்தது.

எங்கள் ஆட்டத்துக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. சீட்டைப் போடும்போது என்ன சீட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். துரும்பு கவிழ்த்து வைத்திருக்கும்போது, போட்ட வகையில் சீட்டு இல்லாமல் கவிழ்த்துப் போட்டால், "கவிட்டுப் போட்டிருக்கு" என்று மட்டும் சொல்ல வேண்டும். கவிழ்த்து வைத்த துரும்பை எவரும் தொடக்கூடாது. பார்வை உள்ளவர்கள் ஒளித்துப் பார்ப்பது கஷ்டம். எங்களுக்கு விரலை ஒருதரம் வைத்தாலே போதும். ஆகவே முழுக்க முழுக்க நம்பிக்கையில்தான் ஆட்டம் நடக்கிறது. இத்தனை வருடத்தில் ஒருவரும் தொட்டதாக நான் அறியவில்லை.

எங்களோடு ஒரு தம்பி இருந்தார். ஷெல் காயத்தால் ஒரு கண் முழுதாகவும் மற்றது முக்கால்வாசியும் போனவர். தடித்த கறுப்புப் பேனையால் பெரிய பெரிய எழுத்தில் புள்ளி எழுதுவது அவர் வேலை. நவீல்டில் படித்த ஐயா ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு சீட்டையும் மறக்காதவர். போன கை, அதற்கு முந்தின கை எல்லாம் அவர் மனதில் இருக்கும்.

சிரித்த நாள்

மூன்றாவது கூட்டம் என்று நினைக்கிறேன். என் கையில் ஒரே வகையில் ஜாக்கும் ஏசும் இருக்கக் கண்டேன். பெரிய துணிவோடு கேள்வி கேட்டேன். ஐயா விட்டுக்கொடுத்தார். துரும்பை வைத்தேன். ஆட்டம் நடந்து எனது ஜாக்கை இறக்கும் நேரம் வந்தது. "ஜாக்!" என்று மேசையில் அடித்துப் போட்டேன். பக்கத்திலிருந்த தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது எட்டெல்லே" என்றார்.

பிரெயிலில் எட்டுக்கு நாங்கள் வைத்த குறி 1, 2, 5ஆம் புள்ளிகள். ஜாக்குக்கு 2, 4, 5ஆம் புள்ளிகள். கண்ணாடியில் பார்த்தால் இடம் வலம் மாறித் தெரியுமே, அதுபோல ஒன்றுக்கொன்று மாறினவை. முப்பது புள்ளி என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது ஒன்றுமில்லாத எட்டு!

முதலில் ஐயா சிரித்தார். பிறகு அக்கா. பிறகு நானும் சிரித்தேன். அடக்க முடியாமல், வயிறு நோகச் சிரித்தேன். பார்வை போனாலும் கண்ணீர் போகவில்லை, கன்னமெல்லாம் நனைந்துவிட்டது. ஐந்து வருடத்துக்குப் பிறகு நான் சிரித்த சிரிப்பு அது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் நடையிலேயே கோபம் கேட்டது. மண்டப யன்னலால் பார்த்துவிட்டு யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். கண்ணும் போய், மனுசனும் போய், இவளுக்குச் சீட்டாட்டம் கேட்குதாம், ஆம்பிளையளோட இருந்து கெக்கட்டமிட்டுச் சிரிக்கிறாளாம் என்று.

"நீ ஏதோ பிழைப்புக்கு வழி தேடிப் போறாய் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் அம்மா. "சனம் என்ன சொல்லும்? உன்ர பிள்ளை நாளைக்குத் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமோ?"

நான் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏனென்றால் சனம் சொன்னதை நானே எனக்குள் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். அவர் மண்ணுக்குள் இருக்க, நான் மண்டபத்தில் இருந்து சிரிப்பதா? அன்றிரவு முழுவதும் அந்தச் சிரிப்புக்காக அழுதேன். பிறகு ஐந்து மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

வாசிக்கும் சகோதரிகளே, இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கணவனை இழந்த பெண், பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய், அங்கத்தை இழந்தவள், இவர்களில் யாராவது வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டு, "இவளால் எப்படி முடிகிறது?" என்று நீங்கள் ஒருதரமாவது நினைத்ததில்லையா? நான் நினைத்திருக்கிறேன். முகாமில், பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணைப் பற்றி. அவளிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கக் கிடைக்கவில்லை.

போரில் பிறந்த விளையாட்டு

2015 தொடக்கத்தில் அக்கா எங்கள் வீடு தேடி வந்தார். வெள்ளைப் பிரம்போடு, பஸ்ஸில், தனியாக. அம்மாவுக்கு அதுவே பெரிய ஆச்சரியம். தேத்தண்ணி கொடுத்தபடி, "என்னண்டு பிள்ளை தனிய வந்தனீ?" என்று மூன்று தரம் கேட்டார்.

அக்கா சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. கோல்போல் என்ற விளையாட்டைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்து வந்தவர்களுக்காக 1946இல் ஒஸ்ரியாவைச் சேர்ந்த ஒருவரும் ஜேர்மனியைச் சேர்ந்த ஒருவரும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு அது. பந்துக்குள் மணிகள் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். எதிர்ப்பக்கம் உருட்டிவிடும் பந்தைச் சத்தத்தை வைத்துக் கண்டு, நிலத்தில் விழுந்து உடம்பால் மறிக்க வேண்டும். எல்லோரும் கண்ணைக் கட்டியிருப்பார்கள். கொஞ்சம் பார்வை உள்ளவருக்கும் அறவே இல்லாதவருக்கும் வித்தியாசம் இருக்கக்கூடாதல்லவா? பந்து உருளும்போது பார்வையாளர்கள் மூச்சுக் காட்டக்கூடாது. 1976இலிருந்து அது பராலிம்பிக் போட்டிகளிலும் இருக்கிறது.

"அந்த ஆக்களுக்கும் சண்டையில ஆரோ செத்துத்தான் இருப்பினம் அம்மா" என்றார் அக்கா, என் அம்மாவைப் பார்த்து. "கூடப் பிறந்தது, கட்டினது, சிநேகிதன். எண்டாலும் பந்து உருட்டினவை. செத்தவையை மறக்கிறதுக்கில்லை. இருக்கிறவை இருக்க வேணுமே, அதுக்கு."

அம்மா பதில் சொல்லவில்லை. அடுக்களைக்குள் போய்விட்டார்.

போவதற்கு முன் அக்கா என் மகளைக் கூப்பிட்டு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். பார்வையில்லாதவரின் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. உன் முழங்கைக்குச் சற்று மேலே அவரைப் பிடிக்க விடு. நீ அரையடி முன்னால் நட. நீ திரும்பினால் உன் உடம்பே அவருக்குச் சொல்லும். நீ படி ஏறினால் உன் கை உயர்வது அவருக்குத் தெரியும். ஒடுங்கிய இடம் வந்தால் உன் கையைப் பின்னால் கொண்டுபோ. அவர் உனக்குப் பின்னால் வந்துவிடுவார்.

மகளுக்கு அப்போது பத்து வயது. அவளுடைய முழங்கை என் இடுப்பளவுக்குத்தான் வரும். ஆகவே தோளில் கை வைத்து நடந்து பழகினோம். அடுத்த கூட்டத்துக்கு என்னை அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் யாரோ, "எங்க பிள்ளை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு?" என்று கேட்க, "அம்மா விளையாடப் போறா" என்று உரத்த குரலில் சொன்னாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நாங்கள் விளையாடுவது

அதன்பின் நாங்கள் செய்தவை பல. உண்மையான கோல்போல் பந்து வாங்க வசதி இல்லை. சாதாரண பந்தொன்றைக் கடையில் தரும் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் உருளும்போது சரசரவென்று சத்தம் வரும். நிலத்தில் கயிற்றை வைத்து அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டினால் எல்லைக்கோடு காலுக்குத் தெரியும். மண்டபம் போதும், செலவு கிட்டத்தட்ட இல்லை. பெண்கள் நிலத்தில் விழுந்து மறிக்க முதலில் கூச்சப்பட்டோம். பிறகு சட்டைக்குக் கீழே நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு விளையாடினோம்.

பல்லாங்குழிக்கு ஒரு மாற்றமும் தேவையில்லை. பதினாலு குழியும் புளியங்கொட்டையும் விரலுக்குத் தெரியும். சதுரங்கத்துக்கென்று தனிப் பலகை உண்டு. கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் துளை இருக்கும். காய்களின் அடியில் முளை இருக்கும். தடவிப் பார்க்கும்போது காய் விழாது. ஐயா அதில் பார்வையுள்ளவர்களையும் தோற்கடிப்பார்.

தம்பிமார் கிரிக்கெட் விளையாடுவார்கள். பந்துக்குள் குண்டுகள் இருக்கும், கைக்குக் கீழாக நிலத்தோடு உருட்டிப் போட வேண்டும், போடுகிறவர், "ஆயத்தமா?" என்று கேட்டுத்தான் போட வேண்டும். அது ஆண்களின் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2025 நவம்பரில் பார்வையற்ற பெண்களுக்கான முதலாவது இருபது ஓவர் உலகக் கிண்ணப் போட்டி இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்தது. எங்கள் நாட்டுப் பெண்களும் விளையாடினார்கள். கொழும்பில் நடந்த இறுதிப் போட்டியில் இந்தியப் பெண்கள் நேபாளப் பெண்களை வென்றார்கள். அந்தச் செய்தியைக் கைத்தொலைபேசி எனக்கு வாசித்துக் காட்டியபோது மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

2016இல் எல்லோரும் சேர்ந்து திருகோணமலைக்குச் சுற்றுலா போனோம். பஸ்ஸில் ஏறும்போது ஒருவர், "கண் தெரியாத ஆக்களுக்கு என்ன சுற்றுலா? எல்லா இடமும் ஒண்டுதானே" என்றார். பகிடிக்குச் சொன்னாரோ, உண்மையாகத்தான் சொன்னாரோ தெரியாது. கோணேசர் கோவில் மலையில் காற்று சேலையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. கீழே கடல் பாறையில் மோதும் சத்தம் காலடியிலேயே கேட்டது. எல்லா இடமும் ஒன்றா?

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சூடு வேறு. பார்வை உள்ளவர்களுக்கு ஏழும் ஒரேமாதிரித் தெரியலாம். நாங்கள் ஒவ்வொரு கிணறாக வாளியால் அள்ளி ஊற்றி, இது கூடச் சூடு, அது குறைவு என்று சண்டை பிடித்தோம். இராவணன் தன் தாயின் கடைசிக் கிரியைக்காக இந்தக் கிணறுகளை உண்டாக்கியதாக ஐதீகம். அந்தக் கதையை ஐயா சொல்லி முடித்தபோது, நான் ஒரு வாளி தண்ணீரை அள்ளி, என் கணவரின் பெயரை மனதுக்குள் சொல்லித் தலையில் ஊற்றினேன். அவருக்கென்று நான் ஒன்றும் செய்யக் கிடைக்காமலே இருந்தது. சுற்றுலாவில்தான் அது கிடைத்தது.

அதே ஆண்டுதான் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆவது உறுப்புரையை அக்கா பிரெயிலில் எடுத்து வாசித்துக் காட்டினார். கலை, பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு இவற்றில் மற்றவர்களோடு சமமாகப் பங்குபற்றுவது எங்கள் உரிமை என்று அது சொல்கிறது. தொழிலும் வைத்தியமும் உரிமை என்று கேள்விப்பட்டிருந்தேன். விளையாடுவது உரிமை என்று அன்றுதான் அறிந்தேன்.

கை குறைந்த நாள்

2017 கார்த்திகை. மண்டபத்தை வேறு தேவைக்கு எடுத்துவிட்டார்கள் என்று, அந்த மாதம் எங்கள் வீட்டில் கூடுவதென்று முடிவாயிற்று. அம்மா ஓமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. நல்ல மழை. வந்து சேர்ந்தவர்கள் அக்காவும் ஐயாவும்தான். மகள் தனியார் வகுப்புக்குப் போய்விட்டாள்.

மூன்று பேர் இருந்து சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தோம். முந்நூற்றிநாலுக்கு நாலு பேர் வேண்டும்.

"ஒரு கை குறையுது" என்றார் ஐயா.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அடுக்களைக்குள் பாத்திரம் வைக்கும் சத்தம். பிறகு அம்மாவின் காலடி. கையைத் துடைக்கும் சத்தம். கதிரை இழுபட்டது.

"எனக்கும் போடுங்கோ" என்றார் அம்மா.

அம்மா சீட்டுப் போட்ட விதத்தைக் கேட்டு நான் திகைத்துப் போனேன். புதுசாகப் பழகுகிறவரின் கையல்ல அது. ஐயாவின் துரும்பை இரண்டாவது சுற்றிலேயே பிடித்துவிட்டார். "எங்க அம்மா பழகினனீங்கள்?" என்று கேட்டேன்.

"அண்ணைமாரோட. பிறகு கொப்பரோட" என்றார். "கொப்பர் போனாப் பிறகு தொடேல்லை."

அப்பா போனது 1990இல். எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்று. இருபத்தேழு வருடமாக அவர் சீட்டைத் தொடவில்லை. தொட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவரே நினைத்துக்கொண்டாராம். என்னை அன்று ஏசிய அம்மாவின் குரலில் இருந்தது என்ன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

(இந்த இடத்தில் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இது எனக்குத் தெரியாதே" என்கிறாள். இப்போது தெரிந்துவிட்டது.)

அம்மா முழுதாக மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இப்போதும் அயலார் கேட்டால், "சங்கத்துக்குப் போறம்" என்பார். சீட்டுக்கு என்று சொல்ல மாட்டார். ஆனால் சனிக்கிழமை மத்தியானச் சமையலை வெள்ளணவே முடித்துவிடுவார். கலைத்துக் கலைத்துப் புள்ளிகள் அமர்ந்துபோனால், "சீட்டுக்குத் திரும்பக் குத்த வேணும் பிள்ளை" என்று நினைவுபடுத்துகிறவரும் அவர்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு விறாந்தைக் கதிரை இருக்கலாம். அதில் இருப்பவர் பார்வை இழந்தவராக இருக்கலாம். வேறொன்றை இழந்தவராகவும் இருக்கலாம். அவருக்கு உதவி செய்கிறீர்கள் என்று தெரியும். அதோடு இதையும் செய்யுங்கள்.

கிட்டப் போகும்போது முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "நான் ஆரெண்டு சொல்லு பாப்பம்" என்று சோதிக்காதீர்கள். எழுந்து போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் வெறும் கதிரையோடு கதைத்துக்கொண்டிருப்போம். இழுக்காமல் முழங்கையைக் கொடுங்கள். சாப்பாட்டுக் கோப்பையில் எது எந்தப் பக்கம் என்று மணிக்கூட்டு முள்ளை வைத்துச் சொல்லலாம்: பன்னிரண்டில் பருப்பு, மூன்றில் மீன். கல்யாண வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வராதீர்கள். ஆளையே கூட்டிக்கொண்டு போங்கள். மேளத்துக்குப் பக்கத்தில் இருத்துங்கள்; யார் என்ன சேலை உடுத்து வந்திருக்கிறார்கள் என்று காதுக்குள் சொல்லுங்கள். எங்களுக்கும் அது தெரிய வேண்டும்.

முக்கியமாக, தொழில் என்ன என்று கேட்டபின், பொழுது எப்படிப் போகுது என்றும் கேளுங்கள். பதிலைக் கேட்க ஐந்து நிமிடம் இருங்கள்.

நான் இன்னும் தும்பு மிதியடிதான் பின்னுகிறேன். இரவில் பழைய நினைவுகள் வராமல் இல்லை. ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் இருப்பது மூன்று மணித்தியாலம்தான். சிலவேளை அதுவும் போதாமல், விளக்கு வைக்கும் நேரம் வரை விளையாடுவோம். எங்களுக்கு விளக்குத் தேவையில்லை. அம்மாதான் ஏற்றச் சொல்வார்.

அடுத்த சனிக்கிழமையும் எங்கள் வீட்டில்தான். ஐயாவுக்கு இப்போது உடம்புக்கு முடிவதில்லை. ஒரு கை குறைகிறது.